நட்சத்திரம் உட்காரும் 14 நிமிடம்: மாற்று சென்டருக்கு ஏன் இவ்வளவு விலை?

கம்பம் பள்ளத்தாக்கில் ஏலத்தோட்ட ஜீப்புகள் குமுளி மலைச்சாலையில் ஏறும் நேரமும் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் ஆட்டங்கள் செல்போனில் ஓடும் நேரமும் ஒன்றுதான். அமெரிக்காவில் மாலை 7 மணி ஆட்டம் நமக்கு விடியற்காலை. கூடலூரிலும் உத்தமபாளையத்திலும் பெரியகுளத்திலும் கூடைப்பந்து விளையாடும் பையன்கள் இதைப் பார்த்துவிட்டுத்தான் கோர்ட்டுக்குப் போகிறார்கள். 2025 கோடையில் அவர்களைக் குழப்பிய செய்தி ஒன்று உண்டு. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி, லூக் கோர்னெட் என்பவரை 4 ஆண்டுக்கு 4 கோடியே 10 லட்சம் டாலருக்கு எடுத்தது. 7 அடி 1 அங்குல உயரம். முந்தைய சீசனில் ஆட்டத்துக்கு 6 புள்ளி அளவில் எடுத்தவர். ஸ்பர்ஸ் அணியில் சென்டர், அதாவது ரிங்குக்குக் கீழே நிற்கும் உயரக்காரர், நட்சத்திரமான விக்டர் வெம்பன்யாமா என்பதால், அதே இடத்தில் ஆடும் கோர்னெட்டுக்கு வழக்கமான இடம் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்ச்தான்.

அதே சமயத்தில் டென்வர் நக்கெட்ஸ், யோனாஸ் வலன்சியூனஸை வாங்கி வந்தது. அவருக்கும் சம்பளம் ஏறத்தாழ வருடம் 1 கோடி டாலர். டென்வரின் சென்டர் நிகோலா யோகிச். மூன்று முறை லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். அவர் பின்னால் உட்கார ஒருவருக்கு 1 கோடி டாலரா?

பணம் விரயமாகவில்லை. காரணம் புரிய, ஆட்டத்தின் நிமிடக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

240 நிமிடத்தைப் பங்கு போடுவது

என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். 12 நிமிடமாக நான்கு கால் பகுதிகள். கோர்ட்டில் ஐந்து பேர். ஆக ஓர் அணி ஓர் இரவில் நிரப்ப வேண்டியது 240 ஆட்ட நிமிடங்கள். ஒரு நட்சத்திரம் சராசரியாக 34, 35 நிமிடம் ஆடுவார். ஐந்து முதல்நிலை ஆட்டக்காரர்களும் தலா 34 நிமிடம் ஆடினால்கூட 170 நிமிடம்தான் ஆகும். மீதி 70 நிமிடம் பெஞ்சிலிருந்து வரவேண்டும். இப்படி 82 ஆட்டம், அதன் பிறகு பட்டத்துக்காக ஏழு ஆட்டத் தொடர்களாக நான்கு சுற்று பிளேஆஃப்.

இதிலேயே ஒரு தவறான எண்ணம் உடைகிறது. மாற்று ஆட்டக்காரர் என்றால் நாம் ஜீப்பின் பின்னால் தொங்கும் ஸ்டெப்னியை நினைக்கிறோம்: பஞ்சர் ஆனால்தான் அதற்கு வேலை. உண்மையில் அவர் ஆம்னி பஸ்ஸின் இரண்டாவது டிரைவர். தினமும் குறிப்பிட்ட தூரம் அவர்தான் ஓட்டுவார்.

யோகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கால் பகுதியும் மூன்றாம் கால் பகுதியும் பெரும்பாலும் முழுக்க ஆடுவார். இரண்டாவதும் நான்காவதும் தொடங்கும்போது உட்காருவார். எந்தப் பின்னடைவும் இல்லாத சாதாரண இரவிலும் அந்த நிமிடங்கள் வந்தே தீரும்.

சென்டரின் இடம் ஏன் தனி

கார்டு எனப்படும் குள்ளமான, வேகமான ஆட்டக்காரர் ஓய்வெடுத்தால் இன்னொரு கார்டு வருவார். அவர் சுமாராக இருந்தாலும் ஆட்டத்தின் வடிவம் மாறாது. சென்டர் அப்படி அல்ல. அவர் செய்யும் வேலைகள் உயரத்தோடும் உடற்கட்டோடும் ஒட்டியவை:

1. ரிங்கைக் காப்பது. எதிரணியினர் உள்ளே புகுந்தால் கடைசித் தடுப்பு அவர்தான். அவர் பந்தைத் தட்டிவிட வேண்டும் என்பதுகூட இல்லை. அவர் நிற்கிறார் என்பதாலேயே எதிராளி யோசித்துப் பந்தை வெளியே தள்ளுவார்.

2. ரீபவுண்ட். தவறிய பந்தைப் பிடிப்பது. நம் பக்கம் பிடித்தால் எதிரியின் தாக்குதல் முடிகிறது. எதிரியின் ரிங்குக்குக் கீழே பிடித்தால் நமக்கு இன்னொரு தாக்குதல் இலவசமாகக் கிடைக்கிறது.

3. ஸ்கிரீன். பந்து வைத்திருப்பவரைத் துரத்துகிறவரின் வழியில் தூண் போல நிற்பது. அந்த அரை நொடியில்தான் ஷூட்டருக்கு இடம் கிடைக்கிறது. நவீன ஆட்டத்தில் பெரும்பாலான தாக்குதல்கள் இங்கிருந்தே பிறக்கின்றன.

இந்த மூன்றும் செய்யத் தெரிந்தவர் பெஞ்சில் இல்லையென்றால், சென்டர் உட்கார்ந்ததும் மற்ற நால்வரும் தங்கள் ஆட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

இன்னொன்று, ஃபவுல். என்.பி.ஏ.வில் 6 ஃபவுல் செய்தால் வெளியே. ரிங்குக்குக் கீழே நின்று மற்றவர் விட்ட பிழைக்கெல்லாம் ஓடிப்போய் மறைக்கிறவர் சென்டர் என்பதால், ஃபவுலும் அவர் தலையில்தான் விழும். முதல் கால் பகுதியிலேயே இரண்டு வாங்கிவிட்டால் கோச் அவரை உட்கார வைத்துவிடுவார். அன்றைக்கு மாற்று சென்டர் 14 நிமிடம் அல்ல, 25 நிமிடம் ஆட நேரிடும். முட்டி, கணுக்கால், குதிநாண் என்று பெரிய உடலுக்கு வரும் காயங்கள் தனிக்கணக்கு. வெம்பன்யாமாவே 2025 பிப்ரவரியில் தோள்பட்டையில் ரத்தக்கட்டு ஏற்பட்டு அந்த சீசனின் மீதியை இழந்தார். ஸ்பர்ஸ் கோர்னெட்டைத் தேடிப் போனதற்குப் பின்னால் அந்த அனுபவம் இருந்திருக்கும் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

14 நிமிடத்துக்கு விலை போட்டுப் பார்த்தால்

இங்கே கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கல்தான்.

பொசஷன் என்றால் ஓர் அணிக்குப் பந்து கிடைத்து அது கைமாறும் வரையிலான ஒரு வாய்ப்பு. என்.பி.ஏ.வில் 48 நிமிடத்தில் ஓர் அணிக்கு ஏறத்தாழ 100 பொசஷன் வரும். முதல்நிலை சென்டர் 34 நிமிடம் ஆடினால் மீதி 14 நிமிடம். அதாவது 29 பொசஷன்.

இரண்டு மாற்று சென்டர்களைக் கற்பனை செய்வோம். ஒருவர் ஆடும்போது அணி 100 பொசஷனுக்கு 12 புள்ளி பின்தங்குகிறது. இன்னொருவர் ஆடும்போது 4 புள்ளி மட்டும் பின்தங்குகிறது. இரண்டாமவரும் பெரிய ஆள் இல்லை, அவர் இருக்கும்போதும் அணி தோற்றுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இருவருக்கும் வித்தியாசம் 100க்கு 8 புள்ளி. 29 பொசஷனுக்கு 2.3 புள்ளி. ஓர் ஆட்டத்துக்கு!

சராசரிப் புள்ளி வித்தியாசம் ஆட்டத்துக்கு 1 கூடினால் சீசனில் இரண்டரை வெற்றி கூடும் என்பது இந்தத் துறையில் பழகிய கணக்கு. அப்படியானால் 2.3 புள்ளி என்பது 5 அல்லது 6 வெற்றி. அது எவ்வளவு பெரிது என்பதற்கு 2024-25 சீசனின் மேற்குப் பிரிவுப் பட்டியலைப் பாருங்கள். இரண்டாம் இடத்து ஹூஸ்டனுக்கு 52 வெற்றி. லேக்கர்ஸ், டென்வர், கிளிப்பர்ஸ் மூன்றுக்கும் தலா 50. மினசோட்டா 49. கோல்டன் ஸ்டேட், மெம்பிஸ் தலா 48. இரண்டாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் நான்கே வெற்றி வித்தியாசம்! 48 எடுத்த இரண்டு அணிகளும் பிளேஆஃபுக்கு நேராகப் போக முடியாமல், தகுதிச்சுற்று ஆட வேண்டியதாயிற்று. நட்சத்திரம் உட்காரும் 14 நிமிடத்தில் கொஞ்சம் குறைவாகத் தோற்கத் தெரிந்த ஒருவர் அந்தப் பட்டியலையே புரட்டிப் போட்டிருக்க முடியும்.

நம் ஊர்க்காரருக்கு இதைச் சொல்ல முல்லைப் பெரியாறே போதும். பெரிய அணையைத்தான் எல்லாரும் பேசுகிறோம். பக்கத்துப் பள்ளத்தை அடைத்து நிற்கும் பேபி அணை இல்லையென்றால், பெரிய அணை எத்தனை அடி உயரம் இருந்து என்ன, தண்ணீர் அந்தப் பள்ளம் வழியாகப் போய்விடும். மட்டத்தைத் தீர்மானிப்பது தாழ்ந்த இடம்தான். பேபி அணையைப் பலப்படுத்துவது பற்றி இரண்டு மாநிலமும் ஏன் இத்தனை வருடம் மல்லுக்கட்டுகின்றன என்பது புரிந்தவர்களுக்கு, டென்வர் ஏன் வலன்சியூனஸை வாங்கியது என்பதும் புரியும்.

புள்ளிப் பட்டியல் காட்டாத வேலை

ரோல் பிளேயர் என்ற சொல் அடிக்கடி வரும். அணியின் தாக்குதல் இவரைச் சுற்றி அமையாது. ஒன்றிரண்டு குறிப்பிட்ட வேலையை மட்டும் நன்றாகச் செய்யவே இவரைக் கோர்ட்டில் விடுகிறார்கள். மாற்று சென்டரும் ஒரு ரோல் பிளேயர்தான்.

இவர்களின் மதிப்பு ஆட்டம் முடிந்ததும் வரும் எண்ணிக்கையில் பாதிதான் தெரியும். ஹூஸ்டனின் ஸ்டீவன் ஆடம்ஸ் நல்ல உதாரணம். முட்டிக் காயத்தால் 2023-24 சீசன் முழுக்க ஆடாதவர். அடுத்த சீசனில் அணியின் முதல் சென்டர் அல்பரென் ஷெங்கூனுக்கு மாற்றாகவும், சில நேரம் அவரோடு சேர்ந்தும் ஆடினார். பந்து ரிங்கில் பட்டுத் தெறிக்கும்போது ஆடம்ஸ் பெரும்பாலும் பந்தைப் பார்ப்பதே இல்லை. எதிரணி உயரக்காரரை முதுகால் நெட்டித் தள்ளி வெளியே நிறுத்துவார். இதற்கு பாக்ஸ் அவுட் என்று பெயர். பந்தை அவருடைய அணித்தோழர் யாராவது எடுத்துக்கொள்வார். கணக்கில் ரீபவுண்ட் அந்தத் தோழர் பெயரில் ஏறும். அந்த சீசனில் எதிர்ப்பக்க ரீபவுண்டில் லீகில் முதலிடம் ஹூஸ்டனுக்கு. 2025 கோடையில் ஆடம்ஸுக்கு மேலும் 3 ஆண்டு, 3 கோடியே 90 லட்சம் டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. ஆட்டத்தைப் பார்க்காமல் புள்ளியை மட்டும் பார்த்தவர்களுக்கு அது கிறுக்குத்தனமாகத் தெரிந்திருக்கும்.

இப்படிப்பட்ட வேலையைப் பிடிக்கப் பயன்படும் எளிய அளவுகோல் பிளஸ்-மைனஸ். ஒருவர் கோர்ட்டில் இருந்த நிமிடங்களில் அணி எடுத்த புள்ளியிலிருந்து விட்டுக்கொடுத்த புள்ளியைக் கழித்தால் வருவது. ஆனால் ஓர் ஆட்டத்து பிளஸ்-மைனஸை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள். எதிரணியின் நட்சத்திரமும் அதே நேரத்தில் உட்கார்ந்திருக்கலாம். கூட ஆடியவர் மூன்று தூரப் பந்துகளைத் தொடர்ந்து போட்டிருக்கலாம். நூற்றுக்கணக்கான நிமிடங்கள் சேர்ந்த பிறகுதான் அந்த எண் ஏதாவது சொல்லும்.

பெஞ்ச் என்றால் தரம் குறைந்தவர் என்ற எண்ணத்துக்கும் பழைய பதில் ஒன்று உண்டு. 1978ல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற பில் வால்டன், பாதக் காயங்களால் பல வருடம் இழந்து, 1985-86ல் பாஸ்டனில் ராபர்ட் பாரிஷுக்கு மாற்று சென்டராக ஆடினார். அந்த சீசனில் 80 ஆட்டம் ஆடினார். அவர் வாழ்க்கையிலேயே அதிகம். பெஞ்சிலிருந்து வருபவர்களில் சிறந்தவருக்கான ஆறாவது ஆட்டக்காரர் விருது அவருக்கு, 67 வெற்றியோடு பட்டம் பாஸ்டனுக்கு. குறைந்த நிமிடம்தான் அந்தக் காலைக் காப்பாற்றியது.

எல்லா எதிரிக்கும் ஒரே மருந்து ஆகாது

சரி, அப்படியானால் உயரமான ஒருவரைப் பிடித்துப் பெஞ்சில் வைத்தால் போதுமா? போதாது. இந்த இடத்தில்தான் பல அணிகள் சறுக்குகின்றன.

2020ல் ஹூஸ்டன் தன் சென்டர் கிளின்ட் கபேலாவை விற்றுவிட்டு, 6 அடி 5 அங்குலம் உள்ள பி.ஜே. டக்கரை சென்டராக்கியது. ஐந்து பேரும் வெளியே நின்று தூரத்திலிருந்து எறிவார்கள். பிளேஆஃபில் எதிரே வந்த லேக்கர்ஸுக்கு டுவைட் ஹோவர்ட், ஜவேல் மெக்கீ என்று இரண்டு உயரக்காரர்கள். ரிங்குக்குக் கீழே காவல் நின்று பழகியவர்களை 24 அடி தூரத்துக்கு இழுத்துப்போனால் என்ன செய்வார்கள்? லேக்கர்ஸ் இருவரையும் ஓரங்கட்டி, ஆந்தனி டேவிஸை சென்டராக்கி ஜெயித்தது. அடுத்த சுற்றில் டென்வரும் யோகிச்சும். இப்போது அதே ஹோவர்ட் வேண்டியிருந்தது. யோகிச்சை முட்டி, தள்ளி, அலுக்க வைக்க அவரைப் போன்ற உடம்பு தேவை. தொடரின் நடுவிலேயே அவர் தொடக்க ஐவரில் சேர்க்கப்பட்டார். லேக்கர்ஸ் அந்த வருடம் பட்டம் வென்றது. ஒரு வாரம் பயனற்றவராக இருந்தவர் அடுத்த வாரம் தவிர்க்க முடியாதவர்!

மறுபக்கம், அதே ஆண்டு ஆறாவது ஆட்டக்காரர் விருது வாங்கிய கிளிப்பர்ஸின் மான்ட்ரெஸ் ஹாரல். சுறுசுறுப்பானவர், புள்ளி எடுப்பவர், ஆனால் சென்டருக்கு உயரம் குறைவு. பிளேஆஃபில் யோகிச் முன்னால் அந்தக் குறை பளிச்சென்று தெரிந்தது. 3-1 என்று முன்னணியில் இருந்த கிளிப்பர்ஸ் தொடரை இழந்தது. 82 ஆட்ட சீசனில் எதிரிகள் தினமும் மாறுவதால் ஒருவருடைய குறை மறைந்துபோகும். ஒரே எதிரியோடு ஏழு ஆட்டம் என்றால் அதையே தேடித் தேடிக் குத்துவார்கள். அதனால்தான் மாற்று சென்டர் முதல் சென்டரின் சிறிய நகலாக இருப்பதைவிட, அவரிடம் இல்லாத ஒன்றை உடையவராக இருப்பது மேல் என்பது என் கணிப்பு.

ஆள் இல்லாமல் போன கதைகள்

2016 இறுதித் தொடர். 73 ஆட்டம் வென்று சாதனை படைத்த கோல்டன் ஸ்டேட் 3-1 முன்னணியில். ஐந்தாவது ஆட்டத்தில் ட்ரேமண்ட் கிரீன் தடையால் ஆடவில்லை. அதே ஆட்டத்தில் சென்டர் ஆண்ட்ரூ போகட்டின் முட்டி போனது. போகட் நிறையப் புள்ளி எடுப்பவர் அல்ல. காயம் பெரிய செய்தியாகவும் ஆகவில்லை. ஆனால் அவர் போனபின் ரிங்கைக் காக்க நம்பகமான ஆள் இல்லை. மாற்றாக வந்த உயரக்காரர்கள் ஏழாவது ஆட்டத்தில் தடுமாறினார்கள். கிளீவ்லாந்து மூன்று ஆட்டங்களையும் வென்று பட்டத்தைக் கொண்டுபோயிற்று. லெப்ரான் ஜேம்ஸின் ஆட்டம்தான் முதல் காரணம், அதில் சந்தேகமில்லை. இந்தப் பக்கத்துக் காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் சொல்கிறேன்.

இந்தியானா 2024-25ல் சீசனின் முதல் ஆட்டத்திலேயே மாற்று சென்டர் ஜேம்ஸ் வைஸ்மனைக் குதிநாண் கிழிந்து இழந்தது. சில நாளில் இன்னொரு மாற்று சென்டர் ஐசையா ஜாக்சனுக்கும் அதே காயம். மைல்ஸ் டர்னர் தனியே நிற்க, அணி முதல் 25 ஆட்டத்தில் 10தான் வென்றது. டிசம்பரில் மயாமியிலிருந்து தாமஸ் பிரையன்டை அழைத்து வந்தார்கள். அந்தத் தொழிலில் அது ஓரத்துச் செய்தி. அதே இந்தியானா இறுதித் தொடர் வரை போய், ஓக்லஹோமாவிடம் ஏழாவது ஆட்டத்தில்தான் தோற்றது. பிரையன்ட் ஒருவரால் வந்தது என்றால் சிரிப்பார்கள். ஆனாலும் ஓட்டை அடைபட்டது.

ஜெயித்த ஓக்லஹோமாவும் இதே பாடத்தின் இன்னொரு முகம். முந்தைய வருடம் டல்லஸிடம் ரீபவுண்டில் அடிவாங்கி வெளியேறியவர்கள், உயரக்காரர் செட் ஹோம்க்ரன் இருந்தும் ஐசையா ஹார்டென்ஸ்டைனை 3 ஆண்டுக்கு 8 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு நியூயார்க் அவரை மாற்று சென்டராக எடுத்தபோது 2 ஆண்டுக்கு 1 கோடியே 60 லட்சம்.

சம்பள உச்சவரம்பு: விலையின் மறுபாதி

என்.பி.ஏ.வில் அணி நினைத்த அளவுக்குச் செலவு செய்ய முடியாது. 2025-26க்கான உச்சவரம்பு ஏறத்தாழ 15 கோடியே 46 லட்சம் டாலர். சில விதிவிலக்குகளால் அதைத் தாண்டலாம். ஆனால் 20 கோடியே 78 லட்சத்தைத் தொட்டால் இரண்டாம் ஏப்ரன் என்ற கோடு. 2023ல் லீகும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட ஒப்பந்தம் இந்தக் கோட்டைத் தாண்டுவோரின் கையைக் கட்டிப்போட்டது: இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்கும் பரிமாற்றம் கிடையாது, நடுத்தரச் சம்பளத்துக்கான விதிவிலக்கும் கிடையாது. ஒரு நட்சத்திரம் மட்டுமே உச்சவரம்பில் 35 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு நட்சத்திரம் இருந்தால் மீதிப் பதின்மூன்று பேருக்கு எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள்.

இப்போது கோர்னெட்டின் வருடம் 1 கோடி டாலருக்கு வருவோம். உச்சவரம்பில் அது ஏழு சதவீதத்துக்கும் கீழே. மேலே போட்ட கணக்குப்படி நல்ல மாற்று சென்டர் 5 வெற்றி தருவார் என்றால், அதே 5 வெற்றியை நட்சத்திரச் சந்தையில் வாங்க இதைப் போலப் பல மடங்கு ஆகும். நட்சத்திரம் எல்லாருக்கும் கிடைக்க மாட்டார். 14 நிமிடத்தைச் சரிசெய்வது எல்லாருக்கும் கைக்கெட்டும்.

கோர்னெட்டை விட்டுக்கொடுத்த பாஸ்டனும் ஏமாளி அல்ல. 2024ல் பட்டம் வென்றபோது அங்கே போர்ஜிங்கிஸ், ஆல் ஹார்ஃபோர்ட், கோர்னெட் என்று வரிசையாக உயரக்காரர்கள். போர்ஜிங்கிஸ் காயத்தால் பிளேஆஃபின் பெரும்பகுதியைத் தவறவிட்டபோது 38 வயதை எட்டிக்கொண்டிருந்த ஹார்ஃபோர்ட் தாங்கினார். ஒரு வருடம் கழித்து, ஏப்ரன் கோட்டுக்குக் கீழே இறங்க வேண்டிய கட்டாயத்தில் மூவருமே போனார்கள். பெஞ்ச்தான் முதலில் கரையும் என்பதை அந்தக் கோடு எழுதி வைத்தது போல ஆயிற்று.

நம் விதியில் உயரம் இன்னும் விலை கூடியது

பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் மே மாதம் நடத்தும் அகில இந்தியப் போட்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள், மேலே சொன்னதை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. ஏனென்றால் இந்தியாவில் ஆடுவது உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதி. கால்பந்தின் ஃபிஃபா அல்ல.

1. ஆட்டம் 40 நிமிடம், ஃபவுல் வரம்பு 5. அங்கே 48க்கு 6. இங்கே 40க்கு 5. வகுத்துப் பார்த்தால் இரண்டும் எட்டு நிமிடத்துக்கு ஒன்று. எனவே ஃபவுல் நெருக்கடி அதே அளவுதான்.

2. என்.பி.ஏ.வில் யாரையும் காவல் காக்காமல் ரிங்குக்குக் கீழே மூன்று நொடிக்கு மேல் தடுப்பாட்டக்காரர் நிற்கக் கூடாது. ஃபிபாவில் இந்தத் தடை இல்லை. உயரமானவர் தடுக்கும் நேரம் முழுக்க அங்கேயே குடியிருக்கலாம்.

3. எறிந்த பந்து ரிங்கில் பட்டுவிட்டால், ஃபிபா விதிப்படி அது ரிங்கின் மேலேயே ஆடிக்கொண்டிருக்கும்போதும் யாரும் தட்டிவிடலாம். என்.பி.ஏ.வில் அது குற்றம். எட்டும் கை உள்ளவருக்கு இது பெரிய வரம்.

ஆக நம் ஊர் ஆட்டத்தில் உயரக்காரருக்கு மதிப்பு கூடுதல். அவர் உட்காரும்போது விழும் பள்ளமும் ஆழம். உயரமோ நம்மிடம் அரிது. 2015ல் டல்லஸ் தேர்ந்தெடுத்த பஞ்சாபின் 7 அடி 2 அங்குல சத்னாம் சிங் போன்றவர் எப்போதோ ஒருவர். மகளிர் அணியிலும் கேரளத்தின் கீது அன்னா ஜோஸ் ஒருவரையே பல வருடம் நம்பியிருந்தோம். இரண்டாவது உயரக்காரர் என்பது ராணுவம், வங்கி போன்ற நிறுவன அணிகளுக்குக் கிடைக்கும் வசதி. நம் பள்ளத்தாக்கின் கிளப் அணிகளுக்கு ஒரு உயரமான பையன் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

அப்படிப்பட்ட அணி என்ன செய்யலாம்? இரண்டு வழி நடைமுறையில் உண்டு. ஒன்று, அந்தப் பையன் உட்காரும் நிமிடங்களில் ஆளுக்கு ஆள் காவலை விட்டு, 2-3 ஜோன் போடுவது: பின்வரிசையில் மூவர் நின்று ரிங்கைச் சுற்றிய இடத்தைப் பங்கு போட்டுக் காப்பார்கள், உயரம் குறைந்தாலும் கூட்டம் ஈடுகட்டும். மூலையிலிருந்து தூரப் பந்து எறியத் தெரிந்த அணியிடம் இது பலிக்காது. இன்னொன்று, ஆறடி இருக்கும் தடித்த பையன் ஒருவனுக்கு பாக்ஸ் அவுட்டும் ஸ்கிரீனும் மட்டும் சொல்லிக்கொடுத்து, இரண்டாம் கால் பகுதியின் முதல் ஐந்து நிமிடத்தை அவனிடம் ஒப்படைப்பது. அவன் புள்ளியே எடுக்க வேண்டாம். மே மாதப் புழுக்கத்தில் அடுத்தடுத்த நாள் ஆட்டம் என்றால், அந்த ஐந்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்த உயரக்காரப் பையனின் கால் கடைசிக் கால் பகுதியிலும் தரையை விட்டு எழும்பும்.